பழைய பொருளை ஆன்லைனில் விற்கும்போது: பணம் உண்மையாகவே வந்ததா என்று தெரிந்துகொள்வது எப்படி?

வீட்டில் சும்மா கிடக்கும் கேமரா, பிள்ளை வளர்ந்துவிட்டதால் ஓட்ட ஆளில்லாத சைக்கிள், புதுசு வாங்கியதும் மேசை டிராயருக்குள் போய்விட்ட பழைய போன். இவற்றை விற்க இப்போது இரண்டு படமும் நாலு வரி விவரமும் போதும். விளம்பரம் போட்ட கொஞ்ச நேரத்திலேயே விசாரிப்புகள் வரத் தொடங்கிவிடும். விசாரிக்கிறவர்களில் உண்மையாகவே வாங்க நினைப்பவர்கள் நிறைய. ஆனால் விலையே பேசாமல் முந்திக்கொண்டு வரும் செய்தியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். புதிதாக வரும் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதைத் தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

வாங்குகிறவர்தான் ஏமாறுவார், விற்கிறவருக்கு என்ன பயம் என்று பலர் நினைக்கிறார்கள். பொருள் நம் கையில் இருக்கிறது, பணம் வந்த பிறகுதான் கொடுக்கப் போகிறோம், அவ்வளவுதானே என்ற எண்ணம். எண்ணம் சரிதான். ஆனால் பணம் வந்துவிட்டது என்று நாம் எதை வைத்து முடிவு செய்கிறோம்? போனுக்கு வந்த குறுஞ்செய்தியையா, வாங்குபவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையா, கணக்கில் தெரியும் தொகையையா? விற்பவரைக் குறிவைக்கும் மோசடிகளில் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்தில்தான் புகுந்துகொள்கின்றன. அதனால் மோசடிகளின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது அதிகம் உதவும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நாளைக்குப் புதிதாக ஒரு தந்திரம் வந்தாலும், அது எந்த இடத்தில் பொய் சொல்கிறது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

பணம் வருவதில் மூன்று நிலைகள்

முதல் நிலையில், பணம் அனுப்பிவிட்டதாக யாரோ சொல்கிறார்கள். வாங்குபவர் வாயால் சொல்லலாம், ஸ்கிரீன்ஷாட் காட்டலாம், மின்னஞ்சல் வரலாம். இவை எல்லாமே வெறும் தகவல். உங்கள் கணக்கில் எதுவும் நடந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டாவது நிலையில், உங்கள் கணக்கின் இருப்பில் தொகை ஏறியிருப்பது தெரிகிறது. முதல் நிலையைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் சில வகைப் பணம் இப்படி ஏறிய பிறகும் திரும்பப் போகும்.

மூன்றாவது நிலையில், அந்தப் பணம் உங்களுடையதாக நிலைத்துவிட்டது. அனுப்பியவர் தன் இஷ்டத்துக்கு அதைத் திரும்ப இழுக்க முடியாது.

கையில் எண்ணி வாங்கும் ரொக்கத்தில், நோட்டு நல்ல நோட்டாக இருந்தால், இந்த மூன்றும் ஒரே நொடியில் முடிந்துவிடும். உடனடி வங்கிப் பரிமாற்றங்களில் இரண்டாவதும் மூன்றாவதும் கிட்டத்தட்ட ஒட்டியே இருக்கும். இங்கிலாந்தில் 2008-ல் வந்த ஃபாஸ்டர் பேமெண்ட்ஸ், இந்தியாவில் 2016-ல் வந்த யூபிஐ, ஐரோப்பாவில் 2017-ல் வந்த செப்பா இன்ஸ்டன்ட் எல்லாம் இந்த வகை. செப்பா இன்ஸ்டன்ட்டின் விதிப்படி பணம் 10 விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும். காசோலையில் நிலைமை வேறு. இருப்பில் தெரிவதற்கும் உண்மையிலேயே தேறுவதற்கும் நடுவில் நாட்கள், சில சமயம் வாரங்கள்கூட ஆகும். கார்டு வழியாக வரும் பணத்தில் இந்த இடைவெளி மாதக் கணக்கில் நீளும். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பல வகைப் புகார்களுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியாக வாங்கியவர் 180 நாள் வரை தகராறு எழுப்பலாம்.

இந்த அவகாசங்கள் நல்ல நோக்கத்தோடு வைக்கப்பட்டவை. கடைக்காரர் ஏமாற்றினால் வாங்கியவர் பணத்தைத் திரும்பப் பெற ஒரு வழி வேண்டும் அல்லவா? அதே வழியை வாங்குபவர் வேடத்தில் வரும் மோசடிக்காரர் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்துகிறார், அவ்வளவுதான்.

பணம் பெறுவதற்கு எந்தப் பின் எண்ணும் தேவையில்லை

முதலில் மிக எளிய மோசடியைப் பார்ப்போம். ஒரு சோஃபாவை விற்க விளம்பரம் போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். வரும் உரையாடல் ஏறக்குறைய இப்படி இருக்கும்.

"சார், சோஃபா இன்னும் இருக்கா?"

"இருக்கு. வந்து பார்க்கிறீங்களா?"

"பார்க்க வேண்டாம் சார், படத்துலயே நல்லா இருக்கு. நான் வெளியூர்ல இருக்கேன். பணத்தை இப்பவே போட்டுடறேன், நாளைக்கு வண்டி வந்து எடுத்துக்கும்."

"சரி, கணக்கு எண் அனுப்பட்டுமா?"

"வேண்டாம் சார், நானே ஒரு க்யூஆர் அனுப்புறேன். அதை ஸ்கேன் பண்ணி உங்க பின் போடுங்க, பணம் உங்க கணக்குக்கு வந்துடும்."

பேரம் பேசவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பழைய பொருளைப் பார்க்காமலே, கேட்ட விலைக்கே, அதுவும் அவசரமாக வாங்க ஒருவர் தயாராக இருக்கிறார். நல்லவர் ஒருவர் வந்திருக்கிறார் என்று மனம் சந்தோஷப்படும் அந்த இடத்தில்தான் நிற்க வேண்டும்.

க்யூஆர் குறியீடு 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் கார் உதிரிபாகங்களை அடையாளம் காண்பதற்காக உருவாக்கியது. அது ஒரு தகவலைத் தாங்கி நிற்கும் படம் மட்டுமே. பணம் தொடர்பான குறியீட்டுக்குள் யாருக்குப் போக வேண்டும், சில சமயம் எவ்வளவு போக வேண்டும் என்ற விவரம் இருக்கும். அதை ஸ்கேன் செய்கிறவர் பணம் கொடுக்கிறவர். காட்டுகிறவர் பணம் வாங்குகிறவர். இரண்டு தனி நபர்களுக்கு இடையே இந்தத் திசை மாறாது. ஆகவே விற்பவரான நீங்கள் உங்கள் குறியீட்டைக் காட்ட வேண்டும், அவர் ஸ்கேன் செய்ய வேண்டும். அவர் அனுப்பியதை நீங்கள் ஸ்கேன் செய்தால், அடுத்துத் திறப்பது நீங்கள் பணம் செலுத்தும் திரை. பின் போட்டவுடன் உங்கள் கணக்கிலிருந்து பணம் போய்விடும்.

இதே வேலையை யூபிஐயில் "பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை" வழியாகவும் செய்துவந்தார்கள். பணம் வரப்போவதாக நினைத்து விற்பவர் ஒப்புதல் கொடுப்பார், பணம் அவர் கணக்கிலிருந்து கழியும். தனி நபர்களுக்கு இடையிலான இந்தக் கோரிக்கை வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் இந்தியாவின் தேசியக் கொடுப்பனவுக் கழகம் நிறுத்திவிட்டது. க்யூஆர் தந்திரத்துக்கு அந்த வசதியே தேவையில்லை என்பதால் அது அப்படியே இருக்கிறது. வேறு நாடுகளின் செயலிகள் பலவற்றில் பணம் கேட்கும் வசதியும் தொடர்கிறது. திரையில் "செலுத்து" என்று இருக்கிறதா, "பெறு" என்று இருக்கிறதா என்பதை வாய்விட்டுப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

பின், கடவுச்சொல், ஓடிபி, கார்டின் பின்பக்கம் இருக்கும் மூன்று இலக்க எண் எல்லாம் பணம் வெளியே போவதற்கான சாவிகள். உள்ளே வருவதற்கு உங்களிடமிருந்து தேவைப்படுவது ஒரு முகவரி மட்டும்தான்: கணக்கு எண், அல்லது கணக்கோடு இணைத்த போன் எண், அல்லது யூபிஐ முகவரி போன்ற ஏதோ ஒன்று. அதற்கு மேல் ஒன்றைக் கேட்டால், கேட்கிறவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

படமும் செய்தியும் சாட்சி ஆகாது

பணம் அனுப்பியதற்கான ஸ்கிரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். உண்மையான செயலியின் நிறம், எழுத்து, பச்சை டிக் எல்லாவற்றையும் அப்படியே காட்டும் போலிச் செயலிகளும் உண்டு. எதிரில் நிற்கும் ஆள் தன் போனை நீட்டிக் காட்டினாலும் அதே கதைதான். அவர் திரையில் என்ன தெரிகிறது என்பது உங்களுக்கு முக்கியமே இல்லை.

குறுஞ்செய்தி இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் அது உங்கள் போனுக்கே வருகிறது. அனுப்புநர் இடத்தில் எண்ணுக்குப் பதில் பெயர் வரும் செய்திகளில், அந்தப் பெயரைப் போலியாகப் போட்டு அனுப்ப முடிகிற இடங்கள் உண்டு. போன் பெயரைப் பார்த்துத்தான் செய்திகளை அடுக்குகிறது. அதனால் வங்கியின் பழைய உண்மையான செய்திகளுக்குக் கீழேயே போலிச் செய்தியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். மின்னஞ்சலிலும் இப்படித்தான். மேலே தெரியும் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் வங்கிகள் வழியே இயங்கும் ஸெல் சேவையின் பெயரில் நடக்கும் மோசடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வாங்குபவர் பணம் அனுப்பிவிட்டதாகச் சொல்வார். உடனே ஸெல் பெயரில் ஒரு மின்னஞ்சல் வரும்: உங்களுடையது தனிநபர் கணக்கு, இந்தப் பணம் நிலுவையில் இருக்கிறது, வணிகக் கணக்காக மாற்றினால்தான் வரவாகும், அதற்கு வாங்குபவர் கூடுதலாக ஒரு தொகை அனுப்ப வேண்டும் என்று. கொஞ்ச நேரத்தில் வாங்குபவர், "நான் கூடுதல் தொகையையும் போட்டுவிட்டேன், அதை மட்டும் எனக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்" என்பார். பாவம், மற்றவர் பணம் நம்மிடம் மாட்டிக்கொண்டதே என்று விற்பவர் தன் சொந்தப் பணத்தை அனுப்பிவிடுவார். உண்மையில் எந்தப் பணமும் வரவே இல்லை. நேர்மையானவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள் என்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

எனவே வந்த மின்னஞ்சல் அசலா போலியா என்று ஆராய்ந்து நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அதில் இருக்கும் லிங்க்கைத் தொடாமல் மூடிவிட்டு, உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து, இருப்பையும் பரிவர்த்தனைப் பட்டியலையும் பாருங்கள். அங்கே இல்லையென்றால் பணம் வரவில்லை. "நெட்வொர்க் பிரச்சினை, ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும்" என்று அவர் சொன்னால், சரி, ஒரு மணி நேரம் கழித்தே பொருளைக் கொடுக்கலாம்.

அதிகமாகப் பணம் வந்தால்

கூடுதல் பணம் என்ற தந்திரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பணம் கணக்கில் தெரிந்த பிறகும் நீங்கள் ஏமாறலாம். மேலே சொன்ன இரண்டாவது நிலைக்கும் மூன்றாவது நிலைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் இது வேலை செய்கிறது.

காசோலைதான் இதன் பழைய வடிவம். நீங்கள் கேட்ட விலையைவிட அதிகத் தொகைக்குக் காசோலை வரும். பொருளை எடுத்துப்போக வருபவருக்குக் கூலி கொடுப்பதற்காகச் சேர்த்து எழுதிவிட்டேன், மீதியை அவருக்கு அனுப்பிவிடுங்கள் என்பார் வாங்குபவர். நீங்கள் வங்கியில் போடுகிறீர்கள். ஓரிரு நாளில் தொகை இருப்பில் தெரிகிறது. மீதியை அனுப்பிவிடுகிறீர்கள். சில வாரம் கழித்துக் காசோலை போலி என்று தெரிகிறது, வங்கி முழுத் தொகையையும் உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நீங்கள் அனுப்பிய மீதி மட்டும் உண்மையான பணம். அது திரும்பி வராது.

வங்கி முதலிலேயே பணத்தைக் காட்டியது ஏன் என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்காவில் காசோலை போட்டவரை நீண்ட நாள் காக்கவைக்கக் கூடாது என்று 1987-ல் கொண்டுவந்த சட்டப்படி, குறிப்பிட்ட சில நாட்களுக்குள் வங்கிகள் அந்தத் தொகையை எடுக்க அனுமதிக்க வேண்டும். அது வாடிக்கையாளரின் வசதிக்காக முன்கூட்டியே தருவது. காசோலை நல்லது என்று வங்கி உத்தரவாதம் கொடுத்ததாக ஆகாது. வங்கியே வெளியிட்டது போன்ற காசோலைகளையும் போலியாக அச்சடிக்கிறார்கள் என்பதால், காகிதம் பார்க்க நன்றாக இருப்பது எதையும் நிரூபிக்காது.

காசோலை புழக்கமே இல்லாத இடங்களில் இதன் புது வடிவம் நடக்கிறது. வேறொருவரின் கணக்கைத் திருடி, அதிலிருந்து உங்களுக்குப் பணம் அனுப்புவார்கள். உங்கள் செயலியில் பணம் நிஜமாகவே ஏறியிருக்கும். "அய்யோ, ஒரு பூஜ்யம் கூடுதலாகப் போட்டுவிட்டேன், மீதியை இந்தக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்" என்று ஒரு பதற்றமான குரல் வரும். மீதியை அனுப்பும் கணக்கு, பணம் வந்த கணக்காக இருக்காது. பிறகு பணத்தைப் பறிகொடுத்தவர் புகார் கொடுக்கும்போது, விசாரணை முதலில் வந்து நிற்பது உங்கள் கணக்கில். முழுத் தொகைக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும், கணக்கையும் முடக்கிவைக்கலாம்.

அப்படியானால் உண்மையாகவே தவறி அதிகம் அனுப்பிவிட்டவருக்கு என்ன வழி? வழி இருக்கிறது. உங்கள் வங்கியை அழைத்து, இந்தப் பணம் எனக்கு உரியது இல்லை, வந்த வழியிலேயே திருப்பி அனுப்புங்கள் என்று சொல்லுங்கள். அனுப்பியவரிடமும் அவருடைய வங்கியில் முறையிடச் சொல்லுங்கள். நேர்மையானவர் இதற்கு ஒப்புக்கொள்வார், கொஞ்சம் அலுத்துக்கொண்டாலும். அதுவரை அந்தப் பணத்தைத் தொடாமல் வையுங்கள், பொருளையும் கொடுக்காதீர்கள்.

கூரியர் லிங்க்

வாங்குபவர் பணம் கட்டிவிட்டார், கூரியர் நிறுவனத்தின் இந்தப் பக்கத்துக்குப் போய் உங்கள் பணத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று ஒரு லிங்க் வருவது இன்னொரு வகை. திறந்தால் உங்கள் பொருளின் படம், நீங்கள் எழுதிய தலைப்பு, நீங்கள் வைத்த விலை எல்லாம் அங்கே இருக்கும். இவ்வளவும் சரியாக இருக்கிறதே என்று நம்பிக்கை வந்துவிடும். பக்கத்தின் கீழே "பணத்தைப் பெறுக" என்று ஒரு பொத்தான். அதைத் தொட்டால் கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்க எண் கேட்கும். சில பக்கங்கள் கணக்கில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்றுகூடக் கேட்கின்றன. சரிபார்ப்புக்கு என்பார்கள். எவ்வளவு எடுக்கலாம் என்று அவர்கள் தெரிந்துகொள்வதற்காகத்தான் அந்தக் கேள்வி.

உங்கள் பொருளின் படம் அங்கே எப்படிப் போனது? யாரும் உட்கார்ந்து உங்களுக்காக ஒரு வலைப்பக்கம் வடிவமைக்கவில்லை. 2019-ல் ரஷ்யாவில் தொடங்கிய இந்த முறைக்குச் சைபர் பாதுகாப்பு நிறுவனமான குரூப்-ஐபி "கிளாசிஸ்கேம்" என்று பெயர் வைத்தது. டெலிகிராமில் தானாக இயங்கும் ஒரு நிரலுக்கு ("பாட்" என்பார்கள்) விளம்பரத்தின் விவரத்தைக் கொடுத்தால், கூரியர் நிறுவனத்தின் தளம் மாதிரியே ஒரு பக்கத்தைச் சில நொடிகளில் அது தயாரித்துக் கொடுத்துவிடும். அதன் பின்னால் குழுக்கள் இருக்கின்றன: ஆட்களோடு பேசுபவர்கள் தனி, பின்னால் இருந்து நடத்துபவர்கள் தனி. ரஷ்யாவிலிருந்து ஐரோப்பாவுக்கும் பிறகு மற்ற கண்டங்களுக்கும் இது பரவிவிட்டது.

லிங்க்கைப் பார்க்கும்போது, நிறுவனத்தின் பெயர் அதில் எங்கோ இருப்பது போதாது. முகவரியில் https:// என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு உடனே முன்னால் இருக்கும் பகுதிதான் தளத்தின் உண்மையான அடையாளம். அதற்கும் முன்னால் எந்தப் பெயரை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். இது கொஞ்சம் பழக்கம் தேவைப்படும் வேலை. சுலபமான வழி ஒன்று இருக்கிறது: நீங்கள் விளம்பரம் போட்ட தளத்துக்கே டெலிவரியும் பணம் பெறும் வசதியும் இருந்தால், அந்தச் செயலிக்குள்ளேயே அது தெரியும். வெளியே வாட்ஸ்அப்பில் வரும் லிங்க் எதுவும் அதற்குத் தேவைப்படாது. "இங்கே வேண்டாம், வாட்ஸ்அப்புக்கு வாருங்கள்" என்று ஆரம்பத்திலேயே இழுப்பதன் காரணமும் இதுதான். தளத்தின் சாட்டில் சந்தேகமான லிங்க்குகளைத் தடுத்துவிடுவார்கள், புகார் கொடுத்தால் உரையாடலையும் பார்ப்பார்கள்.

வாங்குபவரே சொல்லும் எஸ்க்ரோ சேவையையும் இதே கண்ணோடு பாருங்கள். நடுவில் ஒரு நிறுவனம் பணத்தை வைத்திருந்து, பொருள் போய்ச் சேர்ந்ததும் விடுவிப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நிறுவனத்தை நீங்கள் தேடிப் பிடித்திருக்க வேண்டும்.

ஆறு இலக்கக் குறியீடு

பணத்தைப் பற்றியே பேசாத ஒரு மோசடியும் உண்டு. "இங்கே நிறைய போலி விளம்பரங்கள், நீங்கள் நிஜ ஆள்தானா என்று தெரிய ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறேன், அதைச் சொல்லுங்கள்" என்பார்கள். கேட்கப் புத்திசாலித்தனமான முன்னெச்சரிக்கை மாதிரியே இருக்கும். அமெரிக்காவில் இந்தக் குறியீட்டை வைத்து கூகுள் வாய்ஸ் என்ற இணையத் தொலைபேசிச் சேவையில் உங்கள் போன் எண்ணோடு இணைந்த ஓர் எண்ணைத் திறந்துகொள்கிறார்கள். அதன்பின் அவர்கள் மற்றவர்களை ஏமாற்றும்போது தடயம் உங்கள் எண்ணுக்கு வந்து சேரும். வேறு இடங்களில் அது உங்கள் வாட்ஸ்அப் கணக்கைக் கைப்பற்றும் குறியீடாக இருக்கலாம். உங்கள் போனுக்கு வரும் எந்தக் குறியீடும் உங்களுக்கு மட்டும்தான்.

ஸ்கிரீனைப் பகிரும் செயலிகளையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நல்ல மென்பொருள்கள், தொலைவிலிருந்து கணினியைச் சரிசெய்ய உதவுபவை. பணம் வரவில்லையா, இதை நிறுவுங்கள், நான் உதவுகிறேன் என்று வாங்குபவர் சொன்னால், உங்கள் திரை முழுவதையும் அவர் பார்க்கப் போகிறார், ஓடிபி உட்பட.

அப்படியானால் எப்படித்தான் விற்பது?

நேரில் சந்தித்து, பொருளைக் காட்டி, அங்கேயே பணம் வாங்குவதுதான் இன்றைக்கும் சிறந்த வழி. பகல் நேரம், ஆள் நடமாட்டம் உள்ள இடம், கூட ஒருவர். அமெரிக்காவில் பல காவல் நிலையங்கள் தங்கள் வாசலிலேயே இதற்கென்று இடம் ஒதுக்கியிருக்கின்றன. தொகை பெரிதாக இருந்தால் வங்கிக் கிளைக்குள் சந்திப்பது இன்னும் நல்லது. ரொக்கத்தை அங்கேயே கணக்கில் கட்டிவிட்டால் கள்ள நோட்டுப் பயமும் போய்விடும். வங்கி வெளியிட்ட காசோலைதான் தருவேன் என்றால், அதை வெளியிடும் வங்கிக்கு அவரோடு சேர்ந்து போங்கள். உங்கள் கண்ணெதிரே அவர் எழுதி வாங்கட்டும்.

உடனடிப் பரிமாற்றம் என்றால், உங்கள் கணக்கு விவரத்தை நீங்கள் கொடுங்கள், உங்கள் செயலியில் தொகை ஏறும் வரை பொருள் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும். எதிரில் ஆள் நிற்கும்போது இருப்பைச் சரிபார்க்கச் சங்கடமாக இருக்கும், அவரைச் சந்தேகப்படுவது போல. "ஒரு நிமிடம், வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். நல்ல வாங்குபவர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். விற்பது போனாக இருந்தால், அந்தப் போனிலேயே வங்கிச் செயலி இருக்கக் கூடாது. கணக்குகளிலிருந்து வெளியேறி, போனை முழுவதும் அழித்துவிட்டுத்தான் சந்திக்கப் போக வேண்டும்.

நேரில் கொடுக்கும் பொருளுக்குப் பேபால், கார்டு வழிப் பணம் பொருத்தமில்லை என்பது என் கருத்து. பொருளைக் கையில் வாங்கிப் போனவரே, பிறகு பொருள் வந்து சேரவில்லை என்று புகார் கொடுத்தால், உங்களிடம் கூரியர் ரசீதோ டிராக்கிங் எண்ணோ இருக்காது. தபாலில் அனுப்புவதாக இருந்தால் அந்த வழிகள் சரி, ஆனால் பரிவர்த்தனைப் பக்கத்தில் இருக்கும் முகவரிக்கே அனுப்ப வேண்டும். "நான் வீடு மாறிவிட்டேன், இந்த முகவரிக்கு அனுப்புங்கள்" என்று பின்னால் ஒரு செய்தி வந்தால், பேபாலின் விற்பனையாளர் பாதுகாப்பு அந்த மாற்று முகவரிக்குச் செல்லாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சரியான முகவரியோடு மறுபடி கட்டச் சொல்லுங்கள். நண்பர்களுக்கு அனுப்புவது போல அனுப்புகிறேன் என்பதிலும் உங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு கிடையாது. திருட்டுக் கார்டிலிருந்து வந்த பணம் என்றால் அதுவும் திரும்பப் போகும்.

அனுப்பும் முன் பொருளின் வரிசை எண், நிலை, பெட்டிக்குள் வைப்பது எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வையுங்கள். உடைந்த பழைய பொருளை மாற்றித் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

பணம் போய்விட்டால்

முதல் அழைப்பு வங்கிக்கு. எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், தேடல் முடிவுகளில் போலி உதவி எண்கள் இருக்கும். கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணை எடுங்கள். திருடிய பணத்தைக் கணக்கு விட்டுக் கணக்கு வேகமாக மாற்றி எடுத்துவிடுவார்கள் என்பதால், நிறுத்த முடிந்தால் அது முதல் சில மணி நேரங்களில்தான். இந்தியாவில் 1930 என்ற உதவி எண் இதற்காகவே இருக்கிறது. இங்கிலாந்தில் 159 என்று அழைத்தால் உங்கள் வங்கிக்கே இணைப்பார்கள். அமெரிக்காவில் எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையம் புகாரைப் பெற்றுக்கொள்கிறது. வெட்கத்தால் வீட்டில் சொல்லாமல் ஒருநாள் தள்ளிப்போடுகிறவர்கள் பலர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இதைத் தொழிலாகவே செய்யும் குழுக்களிடம் மாட்டியது உங்கள் அறிவின் குறை இல்லை, அந்த ஒரு நாள்தான் பெரிய இழப்பு.

உரையாடல், போன் எண், லிங்க், பணம் போன கணக்கின் விவரம் எதையும் அழிக்காதீர்கள். கார்டு விவரம் கொடுத்திருந்தால் கார்டை முடக்குங்கள். செயலி நிறுவியிருந்தால் இணையத்தைத் துண்டித்து, அதை நீக்கிவிட்டு, வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். விளம்பரம் போட்ட தளத்திலும் அந்தக் கணக்கைப் பற்றிப் புகார் கொடுங்கள், அவர் அடுத்த விற்பனையாளரோடு இந்நேரம் பேசிக்கொண்டிருக்கலாம்.

சில நாள் கழித்து இன்னொரு அழைப்பு வரக்கூடும். உங்கள் பணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், மீட்டுத் தருகிறோம், செயல்முறைக் கட்டணம் மட்டும் முன்கூட்டியே கட்டுங்கள் என்பார்கள். வழக்கறிஞர், அதிகாரி, ஹேக்கர் என்று எந்தப் பெயரிலும் வரலாம். ஏமாந்தவர்களின் எண்கள் இந்தக் குழுக்களுக்குள் கைமாறுகின்றன, அதனால்தான் உங்கள் பெயரும் இழந்த தொகையும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வங்கியோ காவல்துறையோ பணத்தை மீட்க முன்பணம் கேட்காது. அந்த அழைப்பின் எண்ணையும் நேரத்தையும் குறித்துவைத்து, ஏற்கெனவே கொடுத்த புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.